மூன்றாவது கோணத்தின் சாட்சியம்

முக்கோணம் ஒன்றில் இரண்டு கோணங்கள் தெரிந்துவிட்டால் மூன்றாவதைக் கழித்தே கண்டுகொள்ளலாம் என்று பள்ளிக்கூடத்தில் கற்பித்திருக்க, பழைய நில அளவையாளர்கள் மூன்று சிகரங்களுக்கும் யந்திரத்தைச் சுமந்து சென்று மூன்றையும் அளந்தது வீண் பிரயாசை அல்லவா என்று வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார். கோயமுத்தூர்ச் சீமையையே உதாரணமாக வைத்து விடை கூறத்தக்க கேள்வி இது.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கில ராணுவ அதிகாரி 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கி, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டு பெங்களூர் வரை சென்றார். அங்கிருந்து தெற்கே இறங்கிய முக்கோணங்கள் கொங்கு நாட்டை அடைந்தபோது, 1806-இல் கோவைப் பகுதியில் வேறோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. அவ்வட்டாரத்துப் பச்சாபாளையத்தில் நட்சத்திரங்களை நோக்கி அட்சரேகையும் கணிக்கப்பட்டது.

சென்னையில் ஒரே ஓர் அடிக்கோட்டை அளந்துவிட்டு எஞ்சிய தேசம் முழுவதையும் கணக்கினாலேயே அளந்தார்கள் என்று இக்கதையை வியந்து சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மையே. ஒரு பக்கத்தையும் கோணங்களையும் கொண்டு, சைன் விகிதத்தால் மற்ற இரு பக்கங்களையும் பெறலாம் என்பதும், அவ்வாறு பெற்ற பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும் என்பதும் மெய்தான். ஆனால் பக்கம் கைமாறும்போது பிழையும் உடன் கைமாறுகிறது. பாகையில் 3,600-இல் ஒரு பங்கான ஒரு விகலை அளவுக்கு, தெரிந்த பக்கத்துக்கு எதிரேயுள்ள கோணத்தில் பிழை நேர்ந்ததென்று கொள்வோம். அக்கோணம் 60 பாகையாயின் 50 கிலோமீட்டர்ப் பக்கத்தில் 14 சென்டிமீட்டரும், 10 பாகையாயின் ஏறக்குறைய 1.4 மீட்டரும் பிசகிவிடும். ஆகையினால்தான் மூன்று கோணங்களும் தாராளமாய் விரிந்த முக்கோணங்களைத் தேர்ந்ததோடு, கணக்கிட்டு வந்த நீளம் மெய்தானா என்று சோதிக்கப் பெங்களூரிலும் கோவையிலும் மறுபடி சங்கிலி பிடித்தார்கள். பெங்களூரில் கணக்குக்கும் சங்கிலிக்கும் கண்ட வேற்றுமை நான்கு அங்குலத்துக்கும் குறைவு.

இனி மூன்றாவது கோணத்துக்கு வருவோம். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு விவசாயி ஒருவர் மூன்று மூட்டைகள் கொண்டுவருகிறார். காய்ந்த நிலையில் அவற்றின் மொத்த எடை 180 கிலோ என்பது முன்பே தெரிந்தது. இரண்டை மட்டும் நிறுத்து, மூன்றாவதைக் கழித்து எழுதினால் கூட்டுத்தொகை என்றைக்கும் பிசகாது. ஆனால் முதலிரண்டு நிறுவைகளின் குற்றம் முழுவதும் மூன்றாம் மூட்டையின் தலையில் ஏறியிருக்கும். மூன்றையும் தராசில் ஏற்றினால்தான் குற்றம் வெளிப்படும். வழியில் மழை பிடித்திருந்தாலோ, கூட்டுத்தொகை நியாயமாகவே 180-ஐத் தாண்டும்; அந்த ஈரத்தின் எடை கணக்கிடக்கூடியதாயின், மூட்டைக்கு மூன்றில் ஒரு பங்காக அதை முதலில் கழித்து, அதற்கப்பாலும் மிஞ்சுவதையே தராசின் குற்றமாகக் கொண்டு, அது சிறிதாயின் மூன்றுக்கும் பகிர்ந்து, பெரிதாயின் மூட்டைகளை மறுபடி தராசேற்றுவதே நேர்மையான மண்டிக்காரரின் முறை.

முக்கோணத்தில் அந்த ஈரம் பூமியின் உருட்சியே. கோணம் அளக்கும் யந்திரமான தியோடலைட்டின் கிடைத்தட்டு ஒவ்வொரு சிகரத்திலும் அவ்விடத்துத் தூக்குநூலுக்குச் செங்குத்தாக நிற்கிறது. மூன்று தூக்குநூல்களும் பூமியின் மையத்தை நோக்கி வெவ்வேறு திசைகளில் தொங்குவதால், மூன்று தட்டுகளும் ஒரே தளத்தில் அமைவதில்லை. ஆதலால் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைச் சிறிது கடந்தே தீரும். அந்த மிகை முக்கோணத்தின் பரப்பைப் பொறுத்தது: சுமார் 196 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை. பக்கம் 50 கிலோமீட்டரான சமபக்க முக்கோணத்தில் ஏறக்குறைய ஐந்தரை விகலை. இந்த மிகையில் மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு கோணத்திலும் கழித்துவிட்டால், உருண்டையின் மேலுள்ள முக்கோணத்தைக் காகிதத்து முக்கோணமாகவே பாவித்துச் சைன் கணக்கைப் போடலாம் என்று பிரெஞ்சுக் கணித மேதை லெஜாந்தர் கண்ட சூத்திரம், என் மனத்துக்கு மிகவும் உகந்த கணித உண்மைகளுள் ஒன்று. மூன்றாவது கோணத்தை அளக்காமல் கழித்து எழுதியிருந்தால் யந்திரத்தின் குற்றம் மறைந்துபோவதோடு, பூமி தன் உருவத்தைப் பற்றிக் கூறும் இந்தச் சாட்சியமும் நம் செவிக்கு எட்டாமல் போயிருக்கும்.

செயற்கைக்கோள் வந்தபின் இவையெல்லாம் பழங்கதை என்ற விளம்பரத்தை நம்பவேண்டியதில்லை. கைப்பேசி கோணத்தை அளப்பதில்லை. குறிப்பலை வந்துசேரும் நேரத்திலிருந்து தூரங்களைக் கணிக்கிறது. மூன்று தூரங்கள் இருப்பிடத்தைக் காட்டப் போதுமென்று தோன்றினாலும் நான்காவது செயற்கைக்கோள் வேண்டியிருப்பது, கைப்பேசிக் கடிகாரத்தின் பிழையையும் உடன் கண்டறிவதற்காகவே. மிகையாய்த் தோன்றும் ஓர் அளவே மற்ற அளவுகளுக்குப் பிரமாணமாகிறது என்ற நியாயம் மாறவேயில்லை.

கொங்கு நாட்டுப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, மூன்று கம்புகளை நட்டு, மூன்று கோணங்களையும் அளக்கச் செய்யவேண்டும் என்பது என் விண்ணப்பம். மைதானத்தின் அளவில் பூமியின் உருட்சி ஒரு விகலையில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூடச் சேர்க்காதாகையால், 180-க்கு மேலோ கீழோ வருவது முழுவதும் கண்ணும் கருவியும் செய்த பிழையே. அதை அழித்துத் திருத்தாமல் ஏட்டில் எழுதிவைத்து, ஏன் வந்ததென்று ஆராயும் மாணவன், விடை தெரிந்த கணக்கை நூறு முறை போடுபவனைக் காட்டிலும் விஞ்ஞானத்துக்கு அருகில் நிற்கிறான்.