பத்தடி வளையமும் ஈவினைப் பெண்ணும்

பெண்பிள்ளை நெடிது வளர்ந்துவிட்டால் நம் வீடுகளில் மகிழ்ச்சியைவிடக் கவலையே முந்திக்கொள்கிறது. இவளுக்கேற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று அம்மம்மா பெருமூச்செறிவார். கோயில் திருவிழாவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கல்லூரியில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. வகுப்பிலே உயர்ந்த மாணவி கடைசி வாங்கைத் தேடிப் போய், தோள்களைக் குறுக்கிக்கொண்டு உட்காருவாள். பெயரைக் கூப்பிட்டால் அரைவாசி எழுந்து விடை சொல்லி உடனே அமர்ந்துவிடுவாள். அத்தகைய பிள்ளைகளைக் காணுந்தோறும் நமது நினைவுக்கு வருபவர் ஒருவர். அவர் தர்ஜினி சிவலிங்கம்.

புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினை அவருடைய ஊர். வலிகாமத்துச் செம்மண் பூமி; வெங்காயமும் புகையிலையும் விளையும் தோட்டக் கிராமம். 1979ஆம் ஆண்டு பிறந்த அவரது பள்ளிப்பருவம் போர்க்காலத்தோடு ஒன்றாய்க் கழிந்தது. அத்துடன் அவருக்கென்று தனியாக ஒரு துன்பமும் இருந்தது. 6 அடி 10 அங்குலம் வளர்ந்த அவ்வுடலைத் தெருவிலே கேலி செய்தவர்கள் பலர். அதனால் தாம் மனம் நொந்ததை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்ற அவர், பின்னர் கொழும்பு சென்று செலான் வங்கியில் பணியாற்றி, அவ்வங்கியின் வலைப்பந்தாட்ட அணியிலும் தேசிய அணியிலும் ஆடினார். நம் நாட்டில் இவ்விளையாட்டை வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களுமே பெரிதும் தாங்கி நிற்கின்றன. அவை இல்லாவிடின், கல்விக்கூடத்தை விட்டு நீங்கிய நாளோடு எத்தனையோ பெண்களின் ஆட்டம் முடிந்துபோயிருக்கும்.

"வளையத்தருகே நின்று பந்தைப் போடுவதில் என்ன பெரிய திறமை? உயரந்தானே எல்லாம்!" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. நமது நண்பர் ஒருவரும் இக்கட்சியினரே. அவர்களுக்கு விடை கூறுமுன் ஆட்டத்தின் அமைப்பைச் சற்றுப் பார்த்தல் வேண்டும்.

வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் தங்கை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெண்களுக்கென உருப்பெற்றது. அணிக்கு எழுவர். வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கும். கூடைப்பந்தில் உள்ளதுபோல அதன் பின்னே பலகை கிடையாது. ஆதலால், தவறிய பந்தைத் தட்டி உள்ளே விழச்செய்யும் துணை அங்கே இல்லை. கோல் போடும் உரிமை இருவருக்கே உண்டு. அவர்களும் வளையத்தைச் சூழ்ந்த அரைவட்டத்துள் நின்றே போடவேண்டும். பந்தைக் கையிலேந்தி ஓடலாகாது. மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கவுங் கூடாது. ஆடுகளத்தின் மூன்று பிரிவுகளில் ஒன்றையேனும் தாண்டிப் பந்தை ஒரேயடியாக எறிந்துவிட முடியாது. ஒவ்வொரு பிரிவிலும் யாராவது ஒருவர் அதைப் பிடித்தோ தொட்டோ ஆகவேண்டும்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். பத்தடி வளையத்துக்கும் தர்ஜினியின் தலைக்கும் இடையே மூன்றடி இரண்டங்குலமே. எதிரணித் தடுப்பாளர் மூன்றடி தள்ளி நின்று, என்னதான் எம்பிக் குதித்தாலும், அவருடைய உயர்த்திய கைகளிலுள்ள பந்தை எட்டுதல் அரிது. உயரத்தின் பயன் அது. ஆனால் அந்தக் கைகளுக்குப் பந்து எவ்வாறு வந்து சேர்கிறது? அங்கேதான் ஆட்டம் இருக்கிறது. நடுக்களத்திலிருந்து வரும் பந்து தடுப்பாளர் கைகளுக்கு மேலாக வளைந்து, தர்ஜினி நிற்கப்போகும் இடத்தில் இறங்கவேண்டும். தடுப்பாளர் முதுகோடு முதுகாய் நெருக்கும் வேளையில் அவரும் அரையடி இடம் பிடித்து, நிலை குலையாமல் நின்று, பிடித்தவுடன் நிதானம் தவறாமல் எறியவேண்டும். இப்படி ஒரு மணி நேர ஆட்டத்தில் ஐம்பது அறுபது முறை! நெடிய உடலுக்கு முழங்கால்களும் முதுகும் செலுத்தும் வரி எத்தகையதென்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஜமேக்காவின் புகழ்பெற்ற ஜானியல் ஃபவுலரே 6 அடி 6 அங்குலந்தான் என்பதையும் இவ்விடத்தில் குறித்துக்கொள்க.

தமிழ்ச் சூழலிலே வளர்ந்த ஒருவர், பெரும்பாலும் சிங்களம் பேசும் தோழியரோடு இந்த நுட்பமான உடன்பாட்டை எட்டியதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். வளைந்து வரும் அந்தப் பந்து பேச்சில்லாமலே புரிந்துகொள்ளப்படும் ஒன்று. எனினும் அது ஒருநாளிற் கைகூடுவதன்று.

பயன் விளையாமற் போகவில்லை. 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் தர்ஜினி சிறந்த கோல் போடும் வீராங்கனையாகத் தெரிவானார். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரக் கழகமொன்றும் அவரை அழைத்து ஆடச்செய்தது. அதன்பின் வந்த மூன்று ஆசியக் கிண்ணங்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போயின. 2018இல், 39ஆவது வயதில், தர்ஜினி மீண்டும் களத்தில் நின்றார்; இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69-50 என்று வென்று ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கிண்ணம் திரும்பியது. 2022இலும் அவ்வாறே, அம்முறை 63-53.

ஆயினும் முழு உண்மையையுஞ் சொல்லிவிட வேண்டும். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் எல்லா நாட்டு வீராங்கனையரிலும் அதிகக் கோல் போட்டவர் தர்ஜினியே, முந்நூறுக்கும் மேல். அதே போட்டியில் பதினாறு நாடுகளுள் இலங்கை பெற்றது பதினைந்தாம் இடம். ஒருவர் எத்துணை கோல் போட்டாலும், மறுமுனையில் பந்தைத் தடுப்பதற்கு ஆளும் பயிற்சியும் வேண்டுமல்லவா? ஒரு பெருமரத்தை நம்பித் தோட்டம் முழுவதையும் நிழலாக்க எண்ணிய குறை அது, மரத்தின் குறையன்று. 2023இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுண் உலகக் கிண்ணப் போட்டியிலும், 44 வயதில், அவர் ஆடினார். உடன் ஆடியவர்களுட் சிலர் அவர் ஆடத் தொடங்கிய காலத்திற் குழந்தைகளாக இருந்திருப்பார்கள்.

அண்மையில் ஒருநாள் பாடம் முடிந்து சில நிமிடங்கள் எஞ்சியபோது தர்ஜினியின் படத்தை மாணவர்களுக்குக் காட்டினோம். எத்தனை அடி, எத்தனை கோல், எந்தெந்த நாடு என்று கேள்விகள் பறந்தன. கடைசி வாங்கில் இருப்பவள் மட்டும் நெடுநேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்:

"சேர், அவவுக்கு அளவான சப்பாத்து எங்க கிடைச்சதாம்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, முழுதாக எழுந்து நின்றே கேட்டாள்.