மழைக்கு முன் பறிக்கும் மரக்கறி



இடம்பெயர்ந்து இருப்பவர்களிடம் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசினால், "நிலம் எங்கே?" என்ற கேள்விதான் முதலில் எழும். அது நியாயமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் வீடுகளையும் மரக்கறிப் பாத்திகளையும் அழித்தது. உறவினரின் காம்பராவிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருக்கும் குடும்பத்துக்கு, அடுத்த ஆறு மாதத்தில் எங்கே இருப்போம் என்பது தெரியாது.

அதனால்தான் குறுகிய நாட்களில் பலன் தரும் பயிர்களைப் பற்றி இங்கே சொல்கிறோம். இடம் மாறச் சொல்வதற்கு முன், பெருமழை வருவதற்கு முன் பறித்துவிடக் கூடிய பயிரே இப்போது நமக்கு ஏற்றது.

நாட்களை எண்ணுவோம்

நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும். போஞ்சியும் உருளைக்கிழங்கும் அதைத் தாங்கமாட்டா. மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கும். ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கங்களில் அதன்பின் வெயிலைக் காண்பதே அரிது. ஈரத்தில் காய் அழுகும். மார்ச் 1 முதல் மே 25 வரை 85 நாட்கள். இவைதான் நம் கையிலுள்ள நாட்கள்.

முள்ளங்கிக்கு ஏறத்தாழ 40 நாட்கள் போதும். மார்ச் முதலாம் திகதி விதைத்தால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் பிடுங்கலாம். சலாது இலையை 45 நாட்களில் பறிக்கத் தொடங்கலாம். குத்துப் போஞ்சி 60 நாட்களுக்குள் காய்க்கும்; கொடிப் போஞ்சிக்கு இன்னும் இரண்டு கிழமை வேண்டும். நோக்கோல் நாற்றை மார்ச் நடுப்பகுதியில் நட்டால் மே நடுப்பகுதியில் கிடைக்கும். கரட்டுக்கு 100 நாட்கள் வரை செல்லும். லீக்ஸுக்கு அதைவிடக் கூட. அவற்றை நிலையான இடம் கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூனில் வரட்சியும் காற்றும் வரும். காரணம் வேறாயினும் அங்கும் மே முடிவுக்குள் பறித்துவிடுவதே நல்லது.

மண்ணைத் திருத்துவோம்

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. போஞ்சிக்கும் பீட்ரூட்டுக்கும் அந்தப் புளிப்பு ஆகாது. விதைக்க இரண்டு மூன்று கிழமைக்கு முன், ஒரு சதுர யார் இடத்துக்கு இரண்டு கைப்பிடி டொலமைட் தூவிக் கொத்திவிடுங்கள். அது இல்லாவிட்டால் அடுப்புச் சாம்பல் ஓரளவு உதவும். நன்றாக மக்கிய மாட்டெருவையும் சேருங்கள். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்தபோது, கூட்டெருவை ஒரே நாளில் உண்டாக்க முடியாது என்பதை எல்லாரும் கண்டோம். குளிர்ப் பிரதேசத்தில் அது மக்க மூன்று மாதமாவது செல்லும். ஆகவே அடுத்த போகத்துக்கான குவியலை இன்றே தொடங்குங்கள்.

கொத்த இடமே இல்லாதவர்கள் உரப்பையில் மண்ணும் எருவும் நிரப்பிச் சலாது, வெங்காயத்தாள் வளர்க்கலாம். பையின் அடியில் துளையிட மறக்க வேண்டாம். இடம் மாறும்போது பையையும் கொண்டுபோகலாம்.

இளசாகப் பறிப்போம்

போஞ்சியை விதை புடைக்குமுன், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை பறியுங்கள். காயை முற்றவிட்டால் செடி பூப்பதைக் குறைத்துவிடும். சலாதில் வெளி இலைகளை மட்டும் எடுத்துக் குருத்தை விட்டால் மீண்டும் தளிர்க்கும். முள்ளங்கியைக் காலம் தாழ்த்தினால் நார் விழும். அதன் இலையும் பீட்ரூட் இலையும் நல்ல கீரை, வீச வேண்டாம். கீரை உண்ட உடனே தேநீர் குடித்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். கீரையில் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் சத்து கூடுதலாகச் சேரும். கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கு இது மிகவும் அவசியம்.

விதைக்கென முதலில் காய்த்த நல்ல செடிகள் இரண்டு மூன்றை ஒதுக்குங்கள். முதற்காய்களைத் தின்றுவிட்டுக் கடைசிக் காயை விதைக்கு விடுவது நம் வழக்கம். ஆனால் கடைசிக் காய் காயுமுன் மழை வந்துவிடும். விதை பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த விதையைச் சாம்பலோடு போத்தலில் மூடி வையுங்கள்.

உயிரைக் காப்போம்

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக அமையுங்கள். வீட்டின் பின் மண்மேட்டை வெட்டி இடம் எடுக்க வேண்டாம். தண்ணீர் ஓடும் கானை மண்ணால் அடைக்க வேண்டாம். தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்கினால் சரிவு இளகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். விட்டுவந்த பழைய தோட்டத்தில் காய் கிடக்கிறதே என்று மனம் இழுக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தான இடம் என்று சொன்ன பகுதிக்குள், அதுவும் மழை நாளில், போகாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். ஒரு கூடை போஞ்சியை மறுபடியும் விளைவிக்கலாம்.

புதிய இடத்தில் மண்வெட்டியை எடுக்குமுன் தோட்ட அலுவலகத்தில் பேசி, முடிந்தால் எழுத்தில் அனுமதி பெறுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போனால் பேச்சுக்கு வலு இருக்கும். பயிர் பற்றிச் சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

இந்த 85 நாட்களில் கிடைப்பது பெரிய விளைச்சலாக இராது. ஆயினும் கடையில் கடன் சொல்லாமல் ஒரு நேரக் கறியும், அடுத்த வீட்டு வாசலில் ஊன்ற ஒரு போத்தல் விதையும் நம்மிடம் இருக்கும்.