மலச்சிக்கலும் நமது அன்றாட வாழ்வும்

நமது தோட்டங்களில் பொழுது புலருமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பெரட்டுக்கு நேரமாகிவிடுமே என்று ஒரு குவளைக் கோப்பியுடன் விரைகிறோம். நிரையில் நிற்கும்போது வயிற்றில் எழும் உந்துதலை அடக்கிக்கொள்கிறோம். வீடு திரும்புவதற்குள் அவ்வுந்துதல் மறைந்துவிடுகிறது. இது நாள்தோறும் நிகழுமாயின், நாட்பட்ட மலச்சிக்கலுக்கு அதுவே வித்தாகிறது.

ஒரு நாள் மலங்கழியாவிட்டாலே நோய் என்று சிலர் அஞ்சுகின்றனர். அது சரியன்று. வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகக் கழிவதும், மலம் இறுகி முக்க வேண்டியிருப்பதுமே மலச்சிக்கலாகும். பெருங்குடல் கழிவிலுள்ள நீரை உறிஞ்சுகிறது. ஆகவே, கழிவு அங்கு நெடுநேரம் தங்கினால் காய்ந்து இறுகிவிடுகிறது.

பால்மரம் சீவும் நமக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. மரத்தில் நீர் நிறைந்திருக்கும் விடியற்காலையில் பால் தாராளமாக வடிகிறது. வெயில் ஏற ஏறக் குறைகிறது. குடலுக்கும் அவ்வாறே நீரும் வேண்டும், நேரமும் வேண்டும்.

வியர்வை சிந்தி உழைப்போர் நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீராவது அருந்துதல் நன்று. வேலைக்குச் செல்கையில் தண்ணீர்ப் போத்தலை மறவாதீர்கள். நார்ச்சத்து நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை தேவை. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பயறு, கொய்யா, பப்பாளி ஆகியவை இதனை அளிக்கும். டெனிஸ் பர்க்கிட் என்னும் மருத்துவரும் அவருடைய நண்பர்களும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ட உகாண்டா கிராமத்தாரின் குடலைக் கழிவு ஏறத்தாழ ஒன்றரை நாளில் கடந்ததையும், தீட்டிய மாவுணவை உண்ட ஆங்கிலேயரிடம் அதற்கு மூன்று நாள் ஆனதையும் காட்டினர்.

உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடல் இயங்கத் தொடங்கும். ஆதலின் இருபது நிமிடம் முன்னதாக எழுந்து, சிறிது பசியாறி, அமைதியாகக் கழிப்பறைக்குச் செல்லுங்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோர், நாற்காலி போன்ற கழிப்பறையில் அமரும்போது பாதங்களைச் சிறு பலகைமீது உயர்த்தி வைத்தால் முக்கும் சிரமம் குறையும்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளில் நிலாவாரையும் இசப்கோலும் கிடைக்கின்றன. இசப்கோலை நிறைய நீருடன் அருந்த வேண்டும். பேதி மருந்தை மருத்துவரின் ஆலோசனையின்றி வழக்கமாக்குவது தவறு. உடலின் நீரும் உப்பும் வீணாவதோடு, நோயின் காரணமும் மறைந்துகிடக்கும். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகினால், கர்ப்பிணிகள் அதனைத் தாமே நிறுத்தாமல் தாதியிடம் கூற வேண்டும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், திடீரென மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றை "மூலந்தான்" என்று ஒதுக்கிவிடலாகாது. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடற் புற்றுநோயும் ஒன்று. கண்ணுக்குப் புலப்படாத இரத்தத்தைக் கண்டறியும் மலச் சோதனை, ஐம்பது வயதைக் கடந்தோருக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் செய்யப்படுகிறது. வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றும் பிரியாவிடின் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இதனை வெளியில் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். கூச்சத்தால் நோய் முற்றுமேயன்றித் தீராது. நீர், நார், நேரம் ஆகிய மூன்றையும் இன்றே நம் பழக்கமாக்கிக்கொள்வோமாக.