சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை?

பள்ளிக்குப் பிறகும் படித்த ஆண்கள் எத்தனை சதவீதம் என்று வளரும் நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களில், தமிழ்நாடு தனியொரு நாடாக இருந்தால் மதிப்பான இடம் கிடைத்திருக்கும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலானோருக்கான மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. ஆனால் இது கல்லூரியில் பெயர் பதிந்தவர்களின் கணக்கு. படிப்பை முடித்துச் சான்றிதழோடு வெளியே வந்தவர்களின் கணக்கு வேறு. ஆண்களின் நிலையை அறிய இரண்டாவது கணக்குதான் வேண்டும். அது ஏன் என்பதை விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தெளிவாகவே காட்டுகின்றன.

இந்த வட்டாரத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் 1963இலும், ராஜுக்கள் கல்லூரி 1973இலும் வந்துவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பள்ளிப் படிப்பிலும் குறையில்லை. 2023 ப்ளஸ் டூ தேர்வில் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு விருதுநகர் மாவட்டம்தான் மாநிலத்தில் முதலிடம். என்றாலும் அதே ஆண்டு மாநில அளவில் மாணவிகள் 96.38 சதவீதம் தேற, மாணவர்கள் 91.45 சதவீதமே தேறினார்கள். கல்லூரி வாசலுக்கு வரும் முன்பே ஐந்து புள்ளி இடைவெளி. வாசலைத் தாண்டிய பிறகு பையன்களை இழுப்பது வேலை. 1936இல் ராஜபாளையம் மில் தொடங்கிய காலத்திலிருந்து இது நூற்பாலை ஊர். பக்கத்தில் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள். சற்றே தள்ளிப் போனால் சிவகாசியின் பட்டாசும் அச்சகங்களும். பதினெட்டு வயது நிறைந்தவுடன் கையில் காசு பார்க்க முடிகிற ஊரில், கடன் உள்ள வீட்டுக்குக் கல்லூரிக் கட்டணம் அவ்வளவு பெரிய செலவல்ல. மூன்று வருடம் வராமல் போகும் கூலிதான் பெரிய செலவு. அதனால்தான் தொழில் செழித்த ஊர் ஆண்களின் உயர்கல்வியிலும் செழிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்கிறேன். சில நேரம் அந்தச் செழிப்பே படிப்புக்கு எதிராக நிற்கிறது. ஆண்கள் பின்தங்குவது இங்கு மட்டுமல்ல. இலங்கை, பிலிப்பைன்ஸ், பிரேசில் ஆகிய நாடுகளில் உயர்கல்வியில் பெண்கள் ஆண்களைவிட அதிகம். இந்தியாவிலும் 2021-22இல் பெண்களின் சேர்க்கை விகிதம் 28.5, ஆண்களுடையது 28.3.

‘பல நாடுகளில் ஆண்கள்தானே இன்னும் முன்னே இருக்கிறார்கள், எதற்கு இந்தக் கவலை?’ என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் அது உண்மை. நம் மூத்த தலைமுறையிலும் உண்மை. ஆனால் உலகப் பட்டியல்கள் பெரும்பாலும் 25 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்தே எண்ணுகின்றன. பெண்ணை வீட்டில் நிறுத்திவிட்டு ஆணை மட்டும் படிக்க அனுப்பிய தாத்தா காலமும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. இன்றைய இருபது வயது இளைஞனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பெண்கள் முன்னேறியதால் ஆண்கள் எதையும் இழந்துவிடவில்லை. இரண்டையும் முடிச்சுப் போடுவது அநியாயம்.

எதை எண்ணுகிறோம் என்பதிலும் கோளாறு இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று வருடம் படிக்கும் பாலிடெக்னிக் மாணவர் நம் உயர்கல்விக் கணக்கில் வருகிறார். இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்து மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தவர் வருவதில்லை. பி.ஏ. சேர்ந்து அரியர் வைத்துப் பாதியில் நின்றவரோ, சேர்ந்த வருடத்தில் எண்ணப்பட்டுவிடுகிறார். சீனாவின் சேர்க்கை விகிதம் 2023இல் 60 சதவீதத்தைத் தாண்டியது. அதில் மூன்றாண்டுத் தொழிற்கல்லூரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த எண்ணை அருகில் வைத்து நம்மை அளக்கும்போது இதை மறக்கக் கூடாது. ஐ.டி.ஐ.யையும் சேர்த்தால் கணக்கு ஊதிப்போகும் என்பார்கள். தனிப் பத்தியாகப் போட்டால் ஊதாது. தொழில் கற்ற ஆண் எங்கே இருக்கிறான் என்றாவது தெரியும்.

பட்டம் வாங்கியும் வேலையில்லையே என்பது இவற்றைவிடக் கனமான கேள்வி. வேலை கிடைக்காத பட்டதாரிகள் இருப்பது உண்மைதான். ஆனால் மில்லில் இயந்திரம் மாறும்போது, ஆள் குறைக்கும்போது, சான்றிதழ் இல்லாதவருக்கு அந்த ஊர்க் கூலியைத் தவிர வேறு வழியில்லை. பதினெட்டு வயதில் கவர்ச்சியாகத் தெரிந்த சம்பளம், குழந்தை குட்டி என்றான பின் போதாமல் போகும். அப்போது திரும்பப் படிக்கப் போக முடியாது.

2022 செப்டம்பரில் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தையும், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் அரசு தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். பட்டப்படிப்பு, பட்டயம், ஐ.டி.ஐ. மூன்றுக்கும் உண்டு. கூலிக்கு முன்னால் இந்தத் தொகை சிறிதுதான். ஆனால் ஐ.டி.ஐ. படிப்பவனையும் மாணவனாக ஏற்றுக்கொண்ட திட்டம் தமிழ்ப் புதல்வன். 2024இல் இதில் சேர்ந்த பட்டப்படிப்பு மாணவர்கள் மூன்றாண்டு முடித்து வெளியேற வேண்டிய ஆண்டு 2027. எத்தனை பேருக்குப் பணம் போனது என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதையும் வட்டம் வாரியாக அரசு வெளியிட வேண்டும்.