127 டிகிரி காட்டினா கம்ப்யூட்டர் எரியுதுன்னு அர்த்தமா?

இன்னைக்கு எபிசோட்ல ஒரே கேள்விதான். கம்ப்யூட்டர் காட்டுற வெப்பநிலையை எப்போ நம்பலாம், எப்போ நம்பக்கூடாது?

எங்க கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இது காசு சம்பந்தப்பட்ட கேள்வி. சுத்தி ரோலிங் மில், ஃபவுண்டரின்னு இரும்பு வேலை நடக்குற இடம். எடைமேடை ரூம்ல ஏ.சி. இல்லாம நாள் முழுக்க ஓடுற கம்ப்யூட்டரை நினைச்சுக்குங்க. தப்பான நம்பரைப் பார்த்துப் பயந்தா, நல்லா இருக்கிற போர்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குவோம். சரியான நம்பரை ‘சென்சார் கோளாறு’ன்னு ஒதுக்கினா, லாரி வரிசையில நிற்கும்போது மெஷின் தானா அணைஞ்சிடும்.

முதல்ல, அந்த நம்பர் எங்கிருந்து வருது? ஒண்ணு, பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிற சென்சார். இன்னொண்ணு, மதர்போர்டில் இருக்கிற கண்காணிப்பு சிப். இந்த சிப்பில் சென்சார் இணைக்கப் பல பின்கள் இருக்கும். போர்டு தயாரிப்பவர்கள் எல்லாத்தையும் பயன்படுத்துறதில்லை. ஆனா காலியா இருக்கிற பின்னையும் சாஃப்ட்வேர் படிச்சு ஏதோ ஒரு நம்பரைக் காட்டும். 8 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் −128 முதல் 127 வரைதான். அதனால காலி பின் பல நேரம் அந்த ரெண்டு ஓரத்துல ஏதாவது ஒண்ணைக் காட்டும். அது சூடே இல்லை.

அடுத்தது, கணக்குப் பிழை. இன்டெல் பிராசஸர் டிகிரியை நேரடியா சொல்றதில்லை. ‘உச்ச வரம்புக்கு இன்னும் இவ்வளவு பாக்கி’ன்னு சொல்லும். வரம்பு 100, பாக்கி 40 என்றால் சாஃப்ட்வேர் கழிச்சு 60 காட்டும். வரம்பை 85-ன்னு தப்பா எடுத்துக்கிட்டா 45 காட்டும். சென்சார் சரி, கழித்தல்தான் தப்பு. இன்னொரு விஷயம்: இந்த சென்சார் வரம்புக்குப் பக்கத்துலதான் துல்லியமா இருக்கும். சும்மா இருக்கும்போது காட்டுற நம்பர் சில டிகிரி முன்னே பின்னே இருக்கலாம்.

ஏ.எம்.டி. கதை இன்னும் சுவாரசியம். 2017-ல் வந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ரெண்டும் உண்மையான சூட்டோட 20 டிகிரி கூட்டித்தான் சொல்லும். எல்லா ரைசன் மாடலுக்கும் ஃபேன் ஒரே மாதிரி ஓடணும்னு வேணும்னே வெச்ச ஏற்பாடு அது. சாதாரண 1700-ல் இது கிடையாது. அந்த 20-ஐக் கழிக்காத சாஃப்ட்வேரில் 58 டிகிரி 78-ஆத் தெரியும்.

சரி, வீட்டுலயே எப்படி சோதிக்கிறது?

ஒண்ணு: ராத்திரி முழுக்க அணைச்சு வெச்ச மெஷினைக் காலையில ஆன் பண்ணி, நேரா பயாஸுக்குள்ள போய்ப் பாருங்க. பக்கத்துல ஒரு சாதாரண தெர்மாமீட்டர் இருக்கட்டும். வெறும் ஃபேன் வெச்ச சிப், அறையைவிடக் குளிர முடியாது. மே மாசம் ரூம் 34 டிகிரி இருக்கும்போது பிராசஸர் 22 காட்டினா, அது தப்பு. வேற விளக்கமே இல்லை.

ரெண்டு: கொஞ்ச நேரம் கனமான வேலை கொடுங்க. பிராசஸர் சூடு சில விநாடியில ஏறணும், நிறுத்தினா இறங்கணும். அசையவே அசையாத நம்பரை நம்பாதீங்க.

மூணு: கண்காணிப்பு சாஃப்ட்வேர் ஒண்ணு மட்டும் ஓடட்டும். ஒரே சிப்பை ரெண்டு புரோகிராம் ஒரே நேரத்துல படிச்சா, நம்பர் திடீர்னு தாவும்.

நாலு: வேகத்தைப் பாருங்க. உண்மையிலேயே சூடானா பிராசஸர் தன்னோட கிளாக் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். 98 டிகிரி காட்டி வேகமும் விழுந்தா, சென்சாரைத் திட்டாதீங்க. அது உண்மையைத்தான் சொல்லுது.

காலி பின்தான்னு உறுதியானா, லினக்ஸ்ல எல்எம்-சென்சார்ஸ் செட்டிங் ஃபைலில் ‘இக்னோர்’னு ஒரு வரி போட்டு அதை மறைச்சிடலாம். சூடு உண்மைன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு கேபினெட்டைத் திறங்க. ஃபேனை விரலால பிடிச்சுக்கிட்டு, ஹீட்சிங்க் இடுக்குல இருக்கிற தூசியை ஊதி எடுங்க. அப்பவும் வேலை கொடுத்த சில விநாடியிலயே 95-ஐத் தொட்டா, ஹீட்சிங்க் சரியா உட்காரலை, இல்லைன்னா பேஸ்ட் காய்ஞ்சிருக்கு. புது போர்டுக்கு விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி, புதுசா பேஸ்ட் போட்டுப் பாருங்க.