ஒரே பண்டம், ஒரே வாசல்

இச்சிமோன்ஜியா வாசுகே: மோச்சிக் கடை, கியோட்டோ, ஜப்பான். குடும்ப மரபுப்படி தொடக்கம் கி.பி. 1000.

இமாமியா ஆலயத்தின் கிழக்கு வாசலை ஒட்டிய இந்தக் கடையில் கிடைப்பது அபுரி மோச்சி மட்டுமே. பசையுள்ள அரிசியை அவித்து இடித்து, கட்டைவிரல் அளவு கிள்ளி, வறுத்த சோயா மாவில் புரட்டி, மூங்கில் குச்சியில் செருகிக் கரி நெருப்பில் வாட்டுகிறார்கள். ஓரம் லேசாகக் கருகியதும், வெள்ளை மிசோ சேர்த்த இனிப்புச் சாறு அதன்மேல் விழுகிறது.

இத்தனை நூற்றாண்டுகள் கடை நின்றதற்குக் கைப்பக்குவமே காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் எதிர்ச்சாரியில் உள்ள கசாரியா கடையும் சுமார் நானூறு ஆண்டுகளாக இதே பண்டத்தைத்தான் விற்கிறது, இரண்டும் வாழ்கின்றன. இரண்டுக்கும் பொதுவானது ஆலய வாசல். கொள்ளைநோய் தணிய வேண்டி 994-இல் விழா எடுக்கப்பட்டது. 1001-இல் ஆலயம் இங்கே அமைந்தது. வேண்டுதலோடு வந்தவர்கள் நோய் அண்டாது என்ற நம்பிக்கையில் மோச்சி உண்டார்கள். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போர் நகரின் பெரும்பகுதியை எரித்தது. வழிபாடு அதன் பிறகும் தொடர்ந்தது. கடைக்கு ஆள் வருவதும் தொடர்ந்தது.

எதையும் மாற்றாத பிடிவாதமே கடையைக் காத்தது என்பாரும் உண்டு. அதுவும் முழுதும் பொருந்தாது. அரிசியை இன்று இயந்திரம் இடிக்கிறது. ஒரு காலத்தில் வந்தவர் மனம்போல் காசு வைத்துப் போனார்கள். இப்போது தட்டுக்கு விலை உண்டு. கரி நெருப்பையும் குச்சியைத் திருப்பும் கையையும் மட்டும் குடும்பத்தினர் விடவில்லை.