துணை டிரோன்

காரைக்குடியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் சாலையில் கோட்டையூரைக் கடந்து சென்றால் பள்ளத்தூரை அடையலாம். நேரான தெருக்களும், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் மாளிகைகளும், மழைநீரைத் தேக்கி வைக்கும் ஊருணிகளும் உடைய செட்டிநாட்டு ஊர்களுள் அஃது ஒன்று. அங்குள்ள பெரிய வீடு ஒன்றின் எதிரே நிற்பவர் கண்ணுக்கு அதன் முகப்பு மட்டுமே தெரியும். முகப்பை அடுத்து வளவு, வளவை அடுத்து இரண்டாம் கட்டு, அதற்கும் அப்பால் அடுப்படி எனப் பின்தெரு வரையில் நீளும் அமைப்பைத் தெருவில் நின்று காண எவராலும் இயலாது. வானில் வட்டமிடும் பருந்துக்கோ அது முழுவதும் ஒரே பார்வையில் புலப்படும். சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரைகள், அவற்றின் நடுவே வானை நோக்கித் திறந்த முற்றங்கள், நாற்புறக் கூரைநீரும் அம்முற்றத்தில் வந்து வீழும் வகை ஆகிய யாவும் மேலிருந்து நோக்கினாலன்றி விளங்கா.

பருந்தின் பார்வையைத் தானும் பெற மனிதன் நெடுநாள் முயன்றான். நதார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக்காரர் 1858-ஆம் ஆண்டில் பலூனில் ஏறிப் பாரிசு நகரத்தின் அருகே நிலத்தைப் படம் பிடித்தார். அமெரிக்கராகிய ஜார்ஜ் லாரன்ஸ் என்பாரும் முதலில் பலூனையே நம்பினார். ஒருமுறை இருநூறு அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்த அவர், தந்திக் கம்பிகளில் சிக்கி உயிர் தப்பினார். அதன்பின் தாம் தரையில் நின்றுகொண்டு, பல பட்டங்களை ஒரே கம்பியில் தொடுத்து, அவற்றில் காமிராவைக் கட்டி மேலே அனுப்பினார். நிலநடுக்கத்தாலும் தீயாலும் பாழான சான்பிரான்சிஸ்கோ நகரத்தை அவர் 1906-ஆம் ஆண்டில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. சீனத்துச் சென்சென் நகரிலுள்ள டி.ஜே.ஐ. நிறுவனம் 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாண்டம் என்னும் நான்கு சுழலிகளையுடைய டிரோனை விற்கத் தொடங்கிய பின்னர், வானிலிருந்து படம் எடுத்தல் சிற்றூர்ப் படப்பிடிப்பாளர்க்கும் எட்டும் தொழிலாயிற்று. இன்று செட்டிநாட்டுத் திருமணங்களில் டிரோன் பறப்பது புதுமை அன்று.

ஆயினும், டிரோன் ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு தொழிலுக்குப் புறப்படுதல் அறிவுடைமை ஆகாது. செட்டிநாட்டில் பழைய மாளிகைகள் பல பங்காளிகள் பலருக்கு உரியனவாய், பேணுவார் இன்றிப் பழுதடைந்து வருகின்றன. சில இடிக்கவும் படுகின்றன. அவற்றின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியிலுள்ள பழம்பொருட் கடைகளில் விலையாகின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது உண்மையே. பட்டியலில் ஏறிய பெயர் ஒழுகும் கூரையைத் தாங்குவதில்லை. திங்கட்கிழமை ஓடு பிரிக்கப்போகும் வீடு ஒன்றை ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். முதற் பறப்பிலேயே அவருடைய டிரோன் பழுதானால், அந்தக் கூரையின் வடிவம் எந்தப் படத்திலும் இல்லாமற் போகும். திருமணத்திலும் நிலை இதுவே. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தெருவைக் கடந்துவிட்டால், மீண்டும் ஒருமுறை நடந்து வருமாறு யாரைக் கேட்பது? ஆதலால் தொழிலை மதிப்பவர் இரண்டாவது டிரோன் ஒன்றையும் கொண்டு செல்வர். படப்பிடிப்பாளர் அதனைப் பேக்கப் என்று வழங்குவர். துணை என்னும் தமிழ்ச்சொல்லே இங்குப் போதும்.

துணையைத் தேர்ந்தெடுக்குமுன், முதல் டிரோன் எவ்வெவ்வாறு கைவிடும் என்பதை அறிதல் வேண்டும். டிரோனின் காமிரா அதன் உடலோடு இறுகப் பிணைக்கப்பட்டதன்று. கிம்பல் எனப்படும் தாங்கியில் அது தொங்குகிறது. டிரோன் காற்றில் சாயும்போது, தாங்கியிலுள்ள சிறு மோட்டார்கள் காமிராவை எதிர்ப்புறம் திருப்பி நிலைநிறுத்துகின்றன. செட்டிநாட்டுச் செம்மண் புழுதி இத்தாங்கிக்குப் பெரும்பகை. வெறுந்தரையிலிருந்து எழும்பும் டிரோன், தன் சுழலிகள் கிளப்பும் புழுதியைத் தானே விழுங்குகிறது. ஒரு விரிப்பின் மேலிருந்து எழுப்பினால் இத்தீங்கு பெரிதும் குறையும். கான்கிரீட்டு மாடியிலிருந்து எழுப்பினாலோ, தளத்தினுள் புதைந்த இரும்புக் கம்பிகள் டிரோனின் திசைகாட்டியைக் குழப்பக்கூடும். தெருவின் குறுக்கே செல்லும் மின்கம்பி கைக்கருவியின் சிறு திரையில் கண்ணுக்குத் தெரியாது. பருந்தும் காக்கையும் தம் கூட்டின் அருகே பறக்கும் புதிய பறவையைப் பொறுப்பதில்லை. கோடையில் மின்கலம் அளவுக்கு மீறிச் சூடேறுவதும் உண்டு. சுழலியின் இறகு உடைந்தால் வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். தாங்கியோ, மோட்டாரோ, மின்சுற்றுப் பலகையோ பழுதுபட்டால் அன்றைய வேலை அந்த டிரோனால் முடியாது.

இனி, எத்தகைய துணையை வாங்குவது என்ற கேள்வி எழும். முதலதைப் போன்றதே இன்னொன்றா? வேறு வகையா? ஒரே வகையில் இரண்டு வைத்திருப்போர் கூறும் காரணங்கள் வலியன. ஒரு வகை டிரோனின் மின்கலம் பெரும்பாலும் மற்றொரு வகைக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே வகையாயின், ஆறு மின்கலங்களும் இரண்டிற்கும் பயன்படும். இறகுகளும் ஒளிவடிகட்டிகளும் பொதுவாகும். கை பழகிய பொறிகள் அதே இடத்தில் இருக்கும். முதலது எடுத்த காட்சிக்கும் துணை எடுத்த காட்சிக்கும் நிற வேறுபாடு தோன்றாது. இத்துணை நன்மைகளையும் கேட்டவர், இதற்கு மேல் எண்ண என்ன இருக்கிறது என்று கருதுவது இயல்பே.

இரட்டையர் இருவரும் ஒரே நோயால் ஒரே நாளில் படுத்துவிடவும் கூடும் என்பதே எண்ண வேண்டிய செய்தி. அமெரிக்காவைச் சேர்ந்த கோப்ரோ நிறுவனம் 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் கர்மா என்னும் டிரோனை விற்பனைக்கு விட்டது. சில டிரோன்கள் பறந்துகொண்டிருக்கையிலேயே மின்சாரம் அற்றுப்போயின. பதினாறு நாள்களுக்குப் பின், நவம்பர் 8-ஆம் நாள், விற்ற ஏறத்தாழ 2,500 டிரோன்களையும் அந்நிறுவனம் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மின்கலத்தைப் பிடித்து நிறுத்தும் தாழே குற்றத்திற்குக் காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. குறை நீங்கி அந்த டிரோன் மறு ஆண்டு கடைக்கு வந்தது. ஆனால் 2018-ஆம் ஆண்டில் நிறுவனம் டிரோன் தொழிலையே விட்டு விலகிற்று. கதை அத்துடன் முடியவில்லை. 2020-ஆம் ஆண்டு பிறந்தவுடன், செயற்கைக்கோள் வழிகாட்டியின் குறிகளைப் பெற இயலாமல் கர்மா டிரோன்கள் பல நாடுகளில் எழும்பாது நின்றன. அன்று கர்மா இரண்டு வைத்திருந்தவருக்கும் ஒன்று வைத்திருந்தவருக்கும் வேறுபாடு இல்லை.

எனவே இரண்டு டிரோன்களும் எவற்றைப் பொதுவாகக் கொண்டுள்ளன என்று பார்ப்பதோடு, எந்தக் குற்றத்தைப் பொதுவாகக் கொண்டிருக்கக்கூடும் என்றும் பார்த்தல் வேண்டும். கருவி தயாரிப்போர் மென்பொருளை அவ்வப்போது மாற்றி அனுப்புவர். இரட்டையர் வைத்திருப்பவர் அப்புது மென்பொருளை ஒன்றில் மட்டும் ஏற்றி, சில நாள் பறக்கவிட்டு, குற்றம் இல்லை எனக் கண்ட பின்னரே மற்றதில் ஏற்றுவது நலம். முகூர்த்தத்திற்கு முதல்நாள் இரவு இரண்டிலும் ஏற்றுபவர், துணை இல்லாதவரைக் காட்டிலும் எவ்வகையிலும் பாதுகாப்பு உடையவர் அல்லர். செலவுக்கு அஞ்சாதவருக்கு, இந்த ஒழுங்கோடு கூடிய இரட்டையரே சிறந்தது. பெரும்பாலோர்க்கு ஏற்றது வேறொரு வழி: புதிய டிரோன் வாங்கும்போது பழையதை விற்றுவிடாமல், அதே குடும்பத்தின் மூத்த பிள்ளையாகத் துணையாய் வைத்துக்கொள்வதாம். பழையதின் குணமும் குற்றமும் உரியவர்க்கு நன்கு தெரியும். புதியதில் தோன்றும் புதுக்குற்றம் பழையதில் பெரும்பாலும் இராது.

மலிவானதும் சிறியதுமான டிரோனைத் துணையாகக் கொள்ளலாகாதா எனின், படத்தை வைத்தே விடை கூறவேண்டும். காமிராவினுள் ஒளியை ஏற்கும் தகடு ஒன்று உள்ளது. ஓரங்குல வகை எனப்படும் தகட்டின் நீளம் 13.2 மில்லிமீட்டர், அகலம் 8.8 மில்லிமீட்டர். சிறிய டிரோன்கள் பலவற்றில் இருந்த தகட்டின் நீளம் ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர், அகலம் 4.6 மில்லிமீட்டர். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் முன்னது பின்னதைப் போல் நான்கு மடங்கு ஆகும். நண்பகல் வெயிலில் இவ்வேறுபாடு அவ்வளவாகத் தோன்றாது. விளக்கு வைக்கும் வேளையில், சுண்ணாம்புச் சுவர் நீலம் பூத்து வளவினுள் விளக்கொளி பரவும் அந்தச் சிறிது நேரத்தில், சிறு தகடு தடுமாறும். நிழலெல்லாம் மணல் தூவினாற்போல் புள்ளி விழும். நிறப் பதிவிலும் வேறுபாடு உண்டு. ஒவ்வொரு மூலநிறத்தையும் 256 படிகளாகப் பிரிப்பது ஒரு முறை. 1,024 படிகளாகப் பிரிப்பது மற்றொரு முறை. முன்னதில் எடுத்த மாலை வானத்தை நிறம் திருத்தும்போது, மெல்ல மங்கிச் செல்லவேண்டிய செம்மை பட்டை பட்டையாய்ப் பிரிந்து தெரியும். இரண்டு டிரோன்கள் எடுத்த காட்சிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும்போது, பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிடினும், ஏதோ மாறிவிட்டது என்பது தெரிந்துவிடும். முதலது தொடங்கிய வேலையைத் துணை முடித்ததை வீட்டார் உணராமல் இருக்கவேண்டும், அதுவே அளவுகோல்.

சிறியதற்கும் ஒரு சிறப்பு உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. வளவின் நாற்புறச் சுவர்களுக்கிடையே செயற்கைக்கோள் குறி சரிவர எட்டாது. அங்கே பெரிய டிரோனை இறக்குவது தூணுக்கும் கேடு, டிரோனுக்கும் கேடு. சுழலிகளைச் சுற்றிக் காப்பு வளையம் பூண்ட சிறு டிரோன் அவ்விடத்தில் அஞ்சாமல் உலவும். எடையைப் பொறுத்துச் சட்டமும் மாறுகிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் இந்திய அரசு வெளியிட்ட டிரோன் விதிகள், 250 கிராமுக்கு மேற்படாதவற்றை நானோ என்றும், அதற்கு மேல் இரண்டு கிலோகிராம் வரை உள்ளவற்றை மைக்ரோ என்றும் வகுத்தன. நானோ டிரோனை இயக்க ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை; மைக்ரோ டிரோனைத் தொழிலுக்காக இயக்குவோர் சான்றிதழ் பெறவேண்டும் என்பது அவ்விதி. ஒவ்வொரு டிரோனுக்கும் தனி அடையாள எண் வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. துணைதானே என்று எண்ணி, முதலதின் எண்ணைக் கொண்டே இரண்டையும் பறக்கவிடுதல் ஆகாது. பறக்குமுன் அரசு வெளியிட்டுள்ள வான்பகுதி வரைபடத்தையும் பார்த்தல் வேண்டும். பச்சை மண்டலத்திலும் பொதுவாக 400 அடியே எல்லை. மாளிகையின் அழகைக் காட்ட அதில் பாதி உயரமே மிகுதி.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், முழு வடிவிலான அயல்நாட்டு டிரோன்களின் இறக்குமதியை, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு விலக்களித்து, இந்திய அரசு தடை செய்தது. உறுப்புகளின் இறக்குமதிக்குத் தடை இல்லை. ஆதலால் இந்நாட்டில் துணை வாங்குபவர் விலையைக் கேட்குமுன், பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார், தாங்கியும் மோட்டாரும் கிடைக்குமா, எத்தனை நாளில் கிடைக்கும் என்றெல்லாம் கேட்டறிதல் வேண்டும். உறுப்பு கிடைக்காத புது டிரோனைவிட, உறுப்பு கிடைக்கும் பழைய டிரோன் மேலானது. பழையதைப் பிறரிடம் வாங்குவோர், அதன் அடையாள எண் முறைப்படி தம் பெயருக்கு மாறுமா என்பதையும் தெளிந்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

வாங்கிய துணையைப் பெட்டியில் உறங்கவிடுவோர் பலர். லித்தியம் மின்கலம் முழு மின்னேற்றத்துடன் நெடுநாள் கிடந்தால் வலிவிழக்கும். சில வேளை வீங்கவும் செய்யும். பாதியளவு மின்னேற்றி, வெயில் படாத இடத்தில் வைத்து, வேலைக்கு முதல்நாள் முழுதும் ஏற்றுவதே முறை. மாதம் இருமுறையாவது துணையைக் கொண்டே ஒரு வேலையைச் செய்பவருக்கு, அதன் நடையும் காற்றில் அது சாயும் பாங்கும் கைக்குள் இருக்கும். படப்பிடிப்புக்குச் செல்லும் நாளில், துணையின் சுழலிகளைப் பொருத்தி, நினைவு அட்டையைச் செருகி, நிற அமைப்பையும் நொடிக்கு எத்தனை படம் என்ற அளவையும் முதலதிற்கு ஒப்பவே வைத்து, கைக்கருவியோடு இணைத்துப் பார்த்துவிட்டு, விரிப்பின் ஓரத்தில் நிழலில் வைக்க வேண்டும். ஊர்வலம் தெருமுனை திரும்பும்போது பெட்டியின் பூட்டைத் தேடிக்கொண்டிருத்தல் கூடாது.